வயிற்றெரிச்சலுக்குக் குளிசை

மார்ச் 2, திங்கள், இக்காஸ்ட்

மழை. சைக்கிள் பூட்டு உறைந்துவிட்டது, வேலைக்கு நடை. மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பம் 15ஆம் திகதி மதியத்துக்குள் போக வேண்டும். மூன்றாம் முறை. இதுவும் சரிவராவிட்டால் முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டியே என் காலம் போகும். ஏன் டொக்டராக ஆசை என்று ஒரு கடிதம். அதற்கு ஒரு கருப்பொருள் வேண்டுமாம்.

– உயிரியல் பிடிக்கும் (ஆருக்குத்தான் பிடிக்காது)
– மு. இல்ல வேலை (போன முறை எழுதியாயிற்று)
– பரதநாட்டியம் (சும்மா போ)

மார்ச் 4, புதன்

விண்ணப்ப ஆலோசகரிடம் (இனி ஆ.). கோப்பி பரவாயில்லை, ஆள்தான் தாங்க முடியாது. உன் அம்மா எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "போரை எழுது. கையில் இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டா தேடுகிறாய்?"

நான் பிறந்தது இங்கே, டேனிஷ் ஊரான ஹெர்னிங்கில். நான் கண்ட சண்டை எல்லாம் பஸ்ஸில் இடம் பிடிக்க.

கூடப் படித்த சோபியா பனிச்சறுக்கில் கால் முறிந்ததை எழுதியே மருத்துவத்துக்குள் போய்விட்டாள். என்னிடம் மட்டும் பிணம் கேட்கிறார்கள்.

அம்மா, வெங்காயம் வெட்டிக்கொண்டு: "வேற ஏதும் எழுது. எங்கட செத்தவீட்டைக் கொண்டுபோய் அவங்களுக்கு விக்கிறதோ?"

மார்ச் 7, சனி

வைலேயில் பிறந்தநாள் விழா. கேக் இனிப்பு கூட. ஒரு மாமி அந்தப் பழைய பகிடியை எடுத்தார்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு டேனிஷ் மட்டுமட்டு, டொக்டரிடம் நான்தான் மொழிபெயர்ப்பு. "வயிறு பத்தி எரியுது எண்டு சொல்லு" என்றார் அம்மா. சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன். டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு நெஞ்செரிவுக்குக் குளிசை எழுதித் தந்தார். வயிற்றெரிச்சலுக்குக் குளிசை போட்ட ஒரே தமிழ்ச்சி! மாமி முடிக்க எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்.

கருப்பொருள் கிடைத்துவிட்டது. போர் இல்லை, செத்தவீடு இல்லை. காரிலேயே பாதி எழுதினேன்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில், அதிசயம். எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஒன்றுதான் விளங்கவில்லை. "அப்ப ஆரோட அம்மா வயித்தெரிச்சல்?"

அம்மா உடுப்பு மடித்துக்கொண்டே: "அந்தக் கிழமைதான் ஷெல் விழுந்து சின்னமாமா போயிட்டான் எண்டு கோல் வந்தது."

சின்னமாமா, அம்மாவின் தம்பி. எனக்குச் சாமித்தட்டில் இருக்கிற படம் மட்டும்தான்.

"டொக்டர் பிழையா விளங்கினது தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீங்களோ?"

"எட்டு வயசுப் பிள்ளையைக் கொண்டு என்னெண்டு அதைச் சொல்லுவிக்கிறது? குளிசையை வாங்கிக்கொண்டு வந்தன்."

"இதை எழுதட்டோ?"

"சொக்ஸ் ஒண்டைக் காணேல்லை" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

கோபம். எந்தப் பக்கத்தால் சுற்றினாலும் ஆ. நிற்கிற இடத்துக்கே வந்து சேருகிறேன். சின்னமாமாவுக்கு ஒரு பந்தி எழுதினேன். நன்றாக வந்தது. அதுதான் அருவருப்பாக இருந்தது. அழித்தேன். குளிசையோடு நிறுத்தி ஆ.வுக்கு அனுப்பினேன்.

பால், பருப்பு, தம்பிக்கு சவர பிளேட்.

மார்ச் 13, வெள்ளி

காற்று. ஆ.வின் பதில்: "இனிமையான கதை. ஆனால் அம்மாவின் வயிறு ஏன் எரிந்தது? அதைச் சேர்த்தால் இடம் உனக்குத்தான்."

இதை அன்றைக்கு டொக்டர் கேட்டிருக்கலாம்.

தெரியாது என்று பதில் போட்டேன். விண்ணப்பத்தையும் அப்படியே அனுப்பிவிட்டேன். வயிறு பற்றி எரிகிறது.