வெல்வெட் துணி போகும் திசை

மார்ச் 3

அன்புள்ள தூசி இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

நலம். மேஜையைத் துடைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கவலைப்படாதீர்கள்.

நீங்கள் வேலை மாறிப் போனதிலிருந்து நம் ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் ஒன்றுகூட உருப்படவில்லை. பூச்சு பூசிய கண்ணாடித் தகட்டை வெல்வெட் துணியால் என் பக்கமாக இழுத்து இழுத்துத் தேய்க்கிறேன். எதிர்த்திசையில் ஓட்டுவதே இல்லை. அதன்மேல் மூலக்கூறுகளைப் படியவிட்டால், தேய்த்த வாக்கிலேயே வரிசையாகப் படுத்துக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நீங்கள் துளை வெட்டிவைத்த தகர அச்சை மேலே வைத்து, துளைகள் வழியே இருபுறமும் தங்கக் கோடு போட்டு, ஒரு கோட்டிலிருந்து மற்றதற்கு அளந்தால், மின்சாரம் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

"மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணுங்க, இல்லேன்னா இந்த ஆராய்ச்சியையே மூடிடலாம்" என்று தலைவர் சொல்லிவிட்டார். மூடினால் வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வந்துவிடுகிறேன். நீங்கள் கிளம்பிய அன்று, சண்டைக்கு நடுவில் கொடுத்த வாக்குதான். மாறமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதம்


மார்ச் 9

அன்புள்ள பிடிவாதத்துக்கு,

உன் கடிதம் வந்ததும் அலமாரியில் பாதியைக் காலி செய்தேன். ஜன்னலோர நாற்காலியைக்கூடத் துடைத்து வைத்தேன். மறுபடி படித்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

என் தோள்வலி நினைவிருக்கிறதா? கையை முன்னால் நீட்ட முடியாமல் இடமிருந்து வலமாகத்தான் தேய்ப்பேன். அச்சையும் அதற்கேற்ற மாதிரிதான் வெட்டினேன். நீ தேய்த்த தகட்டில் அதை வைத்தால், மின்சாரம் வரிசையோடு போகாமல் ஒவ்வொரு வரிசையையும் குறுக்கே தாண்ட வேண்டியிருக்கும். உன் படலத்தில் ஒரு குறையும் இல்லை. அச்சைக் கால்வட்டம் திருப்பி வை, போதும்.

நீ வருவாய் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். இதைத் தபாலில் போட மனமே வரவில்லை. ஆனாலும் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் இன்ஸ்பெக்டர்


மார்ச் 20

அன்புள்ளவருக்கு,

திருப்பி வைத்தேன். மின்சாரம் ஓடியது. தலைவர் என் பின்னால் வந்து நின்று, "இத்தனை நாளா இது எங்கம்மா போச்சு?" என்றார்.

"வீட்டுக்காரரோட தோள்ல இருந்துச்சு சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வேலை இன்னும் இரண்டு வருடம் நீள்கிறது. நான் வரவில்லை.

நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வந்திருப்பேன். அச்சைத் திருப்பி வைக்காததால்தான் வந்தேன் என்பதுகூட எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. அளந்து முடித்த பிறகு இதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

அலமாரியின் அந்தப் பாதியில் உங்கள் சட்டைகளை அடுக்கிவிடாதீர்கள். தோளுக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன். தபாலில் அனுப்பப் போவதில்லை. விடுமுறைக்கு வரும்போது நானே தேய்த்துவிடுகிறேன், உங்கள் வழக்கப்படி இடமிருந்து வலமாக.

இப்படிக்கு,
உங்கள் மனைவி