ரப்பர் குழாய்மேல் ஒரு வாரம்

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அவருடைய முழங்கால் வலியும் அவரோடு சுகமாகத்தான் இருக்கிறது. சுகமில்லாதது என் மானம் ஒன்றுதான். யாராவது உனக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: போன வியாழக்கிழமை, பள்ளிக்கூட ஹாலில், இருநூறு பேருக்கு முன்னால் உன் அம்மா மைக்கைப் பிடித்து, 'ஒரு வாரமா நான் வேலைவெட்டி இல்லாம ஸ்கூட்டர்ல ரப்பர் குழாய் மேல ஏறி எறங்கிட்டு இருந்தேங்க' என்று வாக்குமூலம் கொடுத்தாள். இப்போதே சிரிக்காதே, படித்து முடித்துவிட்டு மொத்தமாகச் சிரி.

நம் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மேட்டு நிலத்தில் ஒரு கம்பெனி இருநூற்றுப் பதினாறு வீடு கட்டப் போகிறது. பலகை கூட வைத்துவிட்டார்கள், அதில் ஒரு குடும்பம் நிற்கிறது, நாலு பேருக்கும் சேர்த்து எப்படியும் நூற்றைம்பது பல் தெரிகிறது. ஊரில் ஆளுக்கொரு கவலை. மேட்டில் சிமெண்ட் போட்டால் மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று கீழ்த்தெருக்காரர்களுக்கு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போதுமா என்று பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு, வருகிறவர்கள் எல்லாம் ரெடிமேட் சட்டை போடுகிறவர்களாக இருந்தால் என்ன செய்வது என்று எதிர்வீட்டுத் தையல்காரருக்கு. உன் அப்பாவின் கவலை தனி ரகம், அவர் கொல்லைப்புறத்தில் பனியனோடு உடற்பயிற்சி செய்வது மாடி வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமாம். 'பாத்தாலும் ரெண்டாவது தடவை பாக்க மாட்டாங்க, பயப்படாதீங்க' என்று தைரியம் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் என் கவலை விளையாட்டில்லை. அந்த நிலத்துக்குப் போக நம் தெருவை விட்டால் வழி கிடையாது, வீடுகள் வந்தால் நம் பக்கம் எட்டு அடி எடுத்துத் தெருவை அகலப்படுத்த வேண்டும் என்று கம்பெனியின் திட்டத்திலேயே போட்டிருந்தது. எட்டு அடி என்றால் என் ஜெராக்ஸ் கடைதான். கடையின் அகலமே எட்டரை அடி. 'அரை அடி மிச்சம் இருக்கேக்கா, நீங்க உள்ள நிக்கலாம், மெஷின் மட்டும் தெருவுல நிக்கும்' என்று தையல்காரர் ஆறுதல் சொன்னார். அந்த மெஷின் வந்த பிறகுதானடி நான் இன்னாருடைய சம்சாரம் என்பது போய் ஊருக்கே ஜெராக்ஸ் அக்கா ஆனேன். அதை எப்படி விடுவேன்?

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலையில் அனுமதி கொடுக்கிற ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, தெருவுக்குக் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயை ஆணி அடித்துப் பதித்து, கம்பத்தில் ஒரு பெட்டியை மாட்டிப் பூட்டிவிட்டுப் போனார்கள். சக்கரம் ஏறினால் பெட்டி எண்ணிக்கொள்ளுமாம், ஒரு வாரத்தில் இந்தத் தெருவில் எவ்வளவு போக்குவரத்து என்று தெரிந்துவிடுமாம். உனக்குக் கணக்கு எடுத்தாரே, அந்த டீச்சர், ரிட்டையர் ஆனதிலிருந்து மூளையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் தவிக்கிறார். கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, 'தெரு ஏற்கனவே நெரம்பி வழியுதுன்னு காட்டிட்டோம்னா இன்னும் இருநூறு வீட்டு வண்டியை எங்க விடுவான்? திட்டம் காலி' என்றார். நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னால் தப்பாக இருக்குமா என்று நானும் தலையாட்டினேன். உடனே கட்டம் போட்டு டைம்டேபிள் தயார். கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் விலையைச் சொல்லி நழுவிவிட்டார்கள், ஸ்கூட்டர், மொபெட், சைக்கிள் வைத்திருக்கும் நாங்கள்தான் களத்தில் இறங்கினோம். காலை ஆறிலிருந்து ஏழு வரை கழுத்தில் டேப்போடு தையல்காரர், மதியம் கடையைச் சாத்திவிட்டு நான், என் பின்சீட்டில் நோட்டும் பேனாவுமாக டீச்சர். போவேன், திரும்புவேன், வருவேன். முதல் நாள் குரைத்த தெருநாய் மூன்றாம் நாள் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. நாலாம் நாள் திரும்புகிற இடத்தில் நானும் டீச்சரும் தையல்காரர் வாசற்படியில் போய் விழுந்தோம், டீச்சர் விழுந்தபடியே, 'முன்சக்கரம் ஏறிடுச்சு, ஒண்ணு போட்டுக்கறேன்' என்றார். 'இந்தப் பெட்ரோலை நேரா அந்தக் குழாய்லயே ஊத்திடலாம்டி' என்று தலையில் அடித்துக்கொண்ட உன் அப்பா, வெள்ளிக்கிழமை காய்கறிப் பையோடு சைக்கிளில் நாலு தடவை போய் வந்தார், நாலு தடவையும் பை காலி. வாரக் கடைசியில் நோட்டில் எங்கள் கணக்கு ஆயிரத்து நூற்று ஆறு.

அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று ஊரைக் கேட்கப் பள்ளிக்கூட ஹாலில் வைத்த கூட்டத்துக்கு வந்த அதிகாரி உன் வயதுப் பெண், கண்ணாடி போட்டுக்கொண்டு அழகாக இருந்தாள். ஒரு வாரத்தில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வண்டி என்று படித்தாள். நாங்கள் முழங்கையால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டோம், தையல்காரர் கையே தட்டிவிட்டார். அந்தப் பெண் தாளைத் திருப்பி, 'இவ்வளவு வண்டி ஓடற தெருவை இத்தனை வருஷம் இப்படியே விட்டது எங்க தப்புதான். வீடு வந்தாலும் வராட்டியும் முதல்ல அந்த எட்டு அடியை எடுத்துடறோம்' என்றாள். தட்டிய கை அந்தரத்தில் நின்றது. டீச்சரைப் பார்த்தேன், அவர் கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு மெஷின் தெருவில் நிற்பது கண்ணில் தெரிந்தது. கால் தானாக எழுந்துவிட்டது, மைக் கைக்கு வந்துவிட்டது, மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன். 'எதுக்கும்மா அப்படிச் செஞ்சீங்க?' என்றாள். 'தெரு நெரம்பி வழியுதுன்னு காட்டத்தாங்க.' 'வழியலையா?' 'எங்க வழியுது, நாய் நடுத்தெருவுல படுத்துக் கனவு காணுதுங்க' என்றேன். ஹாலே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அப்புறம் தையல்காரர் எழுந்து நானும்தான் என்றார், டீச்சர் நோட்டையே கொண்டுபோய் மேஜையில் வைத்தார், உன் அப்பா உட்கார்ந்தபடியே, 'சைக்கிள்ல நாலு' என்று முனகினார். அந்தப் பெண் அங்கேயே கழித்துப் பார்த்தாள், மிச்சம் முந்நூற்று ஆறு, நாளைக்கு நாற்பத்து மூணு, நாற்பத்து நாலு. நம் தெருவுக்கு அதுதான் நியாயம் என்று ஊரே ஒப்புக்கொண்டது. தெருவைத் தொட வேண்டாம், கம்பெனி மெயின் ரோட்டுப் பக்கமாக வேறு வழி காட்டினால்தான் அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கம்பெனிக்காரர் முகத்தில் ஒரு பல் கூடத் தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க வருகிறவர்கள் எல்லாம் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு எதையாவது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள், கடை இப்போது நன்றாக ஓடுகிறது.

ஆகவே மகளே, ஆபீசில் ஏதாவது தப்புச் செய்தால் மூடி மறைக்காதே, எழுந்து நின்று சொல்லிவிடு, கொஞ்ச நேரம்தான் காது சுடும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் காலையிலிருந்து போனுக்குப் பக்கத்திலேயே பேப்பர் படிக்கிறார். கண் பரிசோதனைக்குப் போகிறேன் என்று நீ சொல்லி ஏழு மாதம் ஆகிறது, போய்விட்டு வந்து எனக்குச் சொல். நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நிறையச் சிரித்துக்கொண்டு நீ நல்லா இருக்கணும்.

மானம் போய்க் கடை மிஞ்சிய,
உன் அம்மா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அந்த அதிகாரிப் பெண்ணின் ஆபீஸ் பியூன் ரிப்போர்ட்டை மூன்று காப்பி எடுக்க என்னிடமே வந்தார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்பதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. அடியில் எறும்பு அளவு எழுத்தில்: 'கார், வேன், லாரி மட்டும். இருசக்கர வாகனங்கள் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.' அப்படியென்றால் அவள் கழித்த எங்கள் ஆயிரத்து நூற்று ஆறு அதில் ஏறவே இல்லையடி.