ஏழாம் கட்டம்: வீட்டில் பேசும் மொழி

மார்ச் 4, செவ்வாய்

உதிரப்போக்கு இன்றோடு பதினாறு நாள். மகளுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செவ்வாய்தோறும் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளரம்மாவை நம்பித்தான் போனது. அவருடைய காலி நாற்காலியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. கணக்கெடுப்பின்படி இந்த வட்டாரத்தில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் பதினொன்று. நாற்பது இருந்தால்தான் ஆள் போடுவார்களாம். கணக்கில் பிழை இருந்தால் இம்மாதக் கடைசிக்குள் திருத்தலாம்.

எனக்கு என்ன செய்கிறது என்று டாக்டரம்மா என் மகளிடம் கேட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை! "அம்மா, இதையெல்லாம் நான் எப்படிச் சொல்றது?" என்று கண் கலங்கினாள். "வயித்து வலின்னு மட்டும் சொல்லுடி" என்றேன். வயிற்று வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கடைத்தெருவுக்குப் போதுமான அரசாங்க மொழியை நானாகக் கற்றுக்கொண்டேன். கத்தரிக்காய் சொத்தை என்று சொல்லத் தெரியும். கர்ப்பப்பை என்று சொல்லத் தெரியாது.

மார்ச் 6, வியாழன்

பதினொன்றா? எங்கள் மூன்று கட்டிடங்களிலேயே நாற்பத்தேழு தமிழ் வீடுகள். இருமுறை எண்ணிவிட்டேன்.

தையற்கார அக்காவிடம் கணக்கெடுப்புப் படிவத்தின் ஏழாம் கட்டத்தில் என்ன எழுதினார் என்று கேட்டேன். "அரசாங்க மொழின்னுதான். பரீட்சை மாதிரி கேட்டாங்க, கௌரவமா எழுத வேணாமா?" மேல் வீட்டு டிரைவர், அப்படி எழுதினால் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்குமாம் என்றார். யார் சொன்னது? அவருக்கே தெரியவில்லை. அவர் வீட்டுச் சண்டை மூன்று மாடிக்கும் கேட்கிறது, அதுவும் சுத்தத் தமிழில்!

எதிர் வீட்டுக்காரி வேறு மொழிக்காரி. அவர்கள் ஒரு வீடு விடாமல் தங்கள் மொழியையே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மொழிபெயர்ப்பாளர் வரும் வியாழக்கிழமை பத்திரமாக இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

ஊரையெல்லாம் கேட்டேன், என் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. இவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

"நாலு பேரோட ஒத்துப் போகணும்டி."

"நான் இப்படிக் கெடக்கிறது யாரோட ஒத்துப் போகுது?"

திருத்தப் படிவத்தில் குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டுமாம். போட மாட்டாராம். வேலையிடத்து மேனேஜர் காதுக்குப் போனால் என்ன நினைப்பார் என்கிறார். என் கர்ப்பப்பைக்கும் மேனேஜருக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 8, சனி

ஜெபத்தில் உட்கார்ந்தேன். மனம் நிற்கவில்லை. பொய்யை எழுதியது அவர், அதற்குள் குடியிருப்பது நானா?

சரி. எழுதியது எழுதியபடியே நடக்கட்டும். நாளை முதல் இந்த வீட்டில் அரசாங்க மொழி மட்டும்தான். ஆண்டவரிடம் மட்டும் தமிழ். அவரை யாரும் கணக்கெடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

"காபி எங்கடி?"

அரசாங்க மொழியில், "புரியவில்லை ஐயா" என்றேன்.

துண்டு எங்கே என்றார். எனக்குத் தெரிந்த வாக்கியம் ஒன்றைச் சொன்னேன்: "கிலோ என்ன விலை?" மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாமே.

மார்ச் 10, திங்கள்

கோபித்துக்கொள்ளக்கூட அவருக்கு அந்த மொழியில் வார்த்தை இல்லை. "சரிங்க" மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

அடுப்படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்தார்.

"ஏய், என்னடி பண்ணுது? எங்க வலிக்குது? வாயத் தொறந்து சொல்லேன்டி!"

விட்டுக்கொடுக்கவில்லை. அரசாங்க மொழியில், மகள் அன்று ஆஸ்பத்திரியில் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன் — வயிற்று வலி.

என்னையே பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"போதும்டி. அந்தப் பேப்பரக் கொண்டா."

மார்ச் 19, புதன்

வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். இவர் கையெழுத்தைக் காட்டினால் பாதிப் பேர் மறுபேச்சில்லாமல் போடுகிறார்கள். தையற்கார அக்கா, "ஒங்க வீட்டுக்காரரையே வழிக்குக் கொண்டு வந்துட்டியா! எங்க வீட்லயும் ரெண்டு நாள் வந்து இரேன்" என்கிறார்.

டிரைவர்தான் மசியவில்லை. "தமிழ்னு போட்டா நம்மள ஒதுக்கிடுவாங்கக்கா."

"ஒதுக்கணும்னா நம்ம மூஞ்சியே போதும் தம்பி. பேப்பர் எதுக்கு?"

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு பேனா கேட்டார்.

மார்ச் 31, திங்கள்

நாற்பத்து மூன்று படிவங்கள். கணக்கெடுப்பு அலுவலகத்து எழுத்தர் வாங்கி ஓரமாகப் போட்டார். ரசீது கேட்டேன். வழக்கமில்லை என்றார். எனக்கு வழக்கம் என்றேன். பின்னால் வரிசை வளர்ந்தது. நகரவில்லை. கடைசியில் எண்ணிப் பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாதம் இரண்டு செவ்வாய்தான் தருவார்களாம். மற்ற இரண்டையும் கேட்டு மனு எழுதியாகிவிட்டது.

மொழிபெயர்ப்பாளரம்மா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "குத்துதா, இழுக்குதா, கடுக்குதாம்மா?"

"அடிவயித்துல கடுத்துக்கிட்டே இருக்கும்மா. திடீர்னு சுருக்குன்னு இழுத்து முதுகு வரைக்கும் ஏறும்."

அவர் அதை மூன்று வாக்கியமாகச் சொன்னார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். தேதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஸ்கேன் எழுதினார். கட்டி இருக்கலாமாம். பயம்தான். ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று இப்போது தெரியும்.

மகள் வெளியே பெஞ்சில் கால் ஆட்டியபடி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"அது இருக்கட்டும். நான் சொல்லிட்டேன்டி" என்றேன்.