வேப்பிலை கட்டிய மேய்க்கால்

பிரம்மதேசம், திண்டிவனம் தாலுகா
1944, மார்கழி

பட்டாளத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் சீனுவாசன் அவர்களுக்கு, பாஞ்சாலி கும்பிட்டுச் சொல்ல, மிஷன் பள்ளியில் படித்த சவுரியம்மாள் எழுதுவது. உங்களைப் பெற்ற மாமாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டிவரும். நீங்கள் அனுப்பிய கம்பளியை மாமா பிரிக்கக்கூட இல்லை.

ஆடு ஒன்றையும் விற்காதே என்று போன கடுதாசியில் எழுதியிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில். ஊர் ஆடெல்லாம் மேயும் நம் மேய்க்கால் போய்விட்டது.

ஆவணி மழை விழுந்ததும் வழக்கம்போல நாலு எல்லைப் பனையிலும் வேப்பிலை கட்டினோம். கட்டிவிட்டால் கார்த்திகை தீபம் முடிந்து, புல் விதை உதிரும்வரை எந்த மந்தையும் உள்ளே போகக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஆட்டை ஓட்டி அலைந்து என் கால் வெடித்துவிட்டது. கண்ணையன் மட்டும் ஊர்க் கட்டுப்பாட்டை மீறித் திருட்டுத்தனமாக மேய்த்தான். திறப்பு நாளில் அவன் மந்தைதான் கடைசியாக இறங்கவேண்டும் என்று ஊர்கூடித் தீர்ப்பு சொன்னோம்.

புரட்டாசியில் ஒரு அதிகாரி வந்தார். சண்டைக் காலமாம், விளைச்சலைப் பெருக்கச் சும்மா கிடக்கிற நிலத்தைத் தேடினாராம். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. இங்கே ஆடு மாடு மேய்கிறதா என்று கேட்டார். மாமா மீசையைத் தடவிக்கொண்டு, எங்க ஊர்ல கட்டுன்னா கட்டுதாங்க சாமி, ஒரு குளம்பு உள்ள வைக்காதுங்க என்றார். கண்ணையன் ஆடு போட்ட புழுக்கை கிடந்தது. அதையும் ஊருக்கு அவமானமென்று காலால் புதருக்குள் தள்ளினார். நமக்கிருந்த ஒரே சாட்சி அந்தப் புழுக்கைதான்!

தீபத்துக்கு மறுநாள் வேப்பிலையை அவிழ்க்க மந்தையோடு போனோம். முள்வேலிக்குள் பண்ணைக்காரர் கோதண்டபாணியின் ஆட்கள் மல்லாட்டைக் கடலை விதைக்க ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திண்டிவனம் தாலுகா கச்சேரிக்குப் போய் முறையிட்டோம். மேய்ச்சலே இல்லாத தரிசு என்று உங்கள் ஊர்ப் பெரியவரே சொல்லியிருக்கிறாரே, அதனால்தான் பயிர் செய்யப் பண்ணைக்காரருக்குக் கொடுத்தோம் என்று சிரித்தார்கள். புல்லைக் காப்பாற்றியதற்குத் தண்டனை நமக்கு. எல்லோருமே கண்ணையனைப்போலத் திருடியிருந்தால் நிலம் தங்கியிருக்கும். அந்த அதிகாரியை நான் திட்டியதை எழுதமாட்டேன் என்று சவுரியம்மாள் பேனாவை வைத்துவிட்டாள். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாமா யாரோடும் பேசுவதில்லை. கண்ணையன் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆடுகள் எலும்பும் தோலுமாகிவிட்டன. குட்டிகளுக்கு மடியில் பாலில்லை. விழுப்புரத்துத் தரகர் வந்து மொத்தமாக ஓட்டிப்போனார், பட்டாளத்துக் கறிக்காம். உங்கள் கையால் பால் புகட்டி வளர்த்த காரியும் போய்விட்டாள். வாசல்வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்தாள். நீங்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். பட்டினியில் சாகவிட எனக்கு மனசு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். அங்கே கறிக்கு ஆடு வந்து இறங்கினால் இடது காதைப் பாருங்கள். நம் வீட்டு இரட்டை வெட்டு இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். வயிறார உண்ணுங்கள். நம் மேய்க்கால் புல் நம் வீட்டில் ஒருவர் உடம்பிலாவது ஒட்டட்டும். அந்த உடம்போடு திரும்பி வாருங்கள்.

இப்படிக்கு,
பாஞ்சாலி
(கைநாட்டு)