வெளியே மட்டும் நீலம்

12 ஆகஸ்ட், செவ்வாய்

இன்னிக்கு என் வீட்டுக்காரரோட பழைய காடியைப் பட்டறையிலேருந்து எடுத்துட்டு வந்தேன். வாசல்ல அந்தக் காரோட சிவப்பு தெரிஞ்சாலே அவர் வேலை முடிஞ்சு வந்துட்டார்னு எழுந்து தேத்தண்ணி கலக்கப் போயிடுறேன். அவர் செத்து எட்டு மாசம் ஆச்சு. இந்தப் பழக்கம் நிக்கணும்னுதான் நீலம் அடிக்கச் சொன்னேன். எங்க பெண்டாங் டவுன்ல இருக்கிறதுலயே மலிவான சாயம்.

வெளியே புதுசு மாதிரி மின்னுது. பட்டறையில ஏறலாம்னு கதவைத் திறந்தேன். கதவு இடுக்கு, ஓரமெல்லாம் பழைய சிவப்பு. சாயம் அடிச்ச பையனைக் கூப்பிட்டேன்.

"என்ன தம்பி, உள்ள அப்படியே விட்டுட்டே?"

"மலிவு வேலைன்னா வெளியே மட்டும்தான்லா அக்கா. கதவை மூடிட்டா யாருக்குத் தெரியும்? வேணும்னா விட்டுட்டுப் போங்க, நாளைக்கு அடிச்சுத் தரேன்."

சரின்னுதான் சொல்ல வந்தேன். வேணாம்னு சொல்லிட்டேன். ஏன்னு எனக்கே தெரியல.

இப்ப ஜன்னல் வழியா பார்த்தா யாரோ வேத்து ஆள் வந்து நிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு தடவை வெளியே போய்க் கதவைத் திறந்து அந்தச் சிவப்பைப் பார்த்துட்டு வந்தேன். மூடும்போது சத்தம் வராம மூடினேன், அவர் உள்ள தூங்குற மாதிரி.