செம்பாவின் வெள்ளைக் கால்

திங்கள்

காலையிலிருந்து மூட்டம், மழை இல்லை. கைவிடப்பட்ட குதிரைகளுக்காக நாங்கள் நடத்தும் கொள்ளிடக் கரைக் கொட்டகையில் ஒழுகும் இடங்களுக்குத் தார்ப்பாய். குதிரைகளுக்குப் பூச்சி மருந்து. ஸ்கூலுக்கு அரை நாள் லீவு.

நிதி கேட்டிருந்த பெங்களூர் அறக்கட்டளையிலிருந்து மெயில். வெள்ளியன்று நிர்மலா என்பவர் நேரில் வருகிறார். கொட்டகை மட்டும் போதாதாம், தத்துக் கொடுத்த குதிரைகளையும் பார்க்க வேண்டுமாம். எதற்கு? குறை கண்டுபிடிக்கத்தான்.

என் கணவர் சேவியர்: "உதவி பண்ண வர்றவங்களையும் இப்படிப் பாத்தா எப்படி ஸ்டெல்லா?"

சரிதான். ஆனாலும். இந்த நிதி வராவிட்டால் இனி ஒரு குதிரையைக்கூடப் புதிதாக எடுக்க முடியாது.

செவ்வாய்

வெயில். உப்பிலியபுரம் முருகேசனிடம் செம்பாவின் போட்டோ கேட்டேன். போன வருடம் அவர் தோட்டத்துக்குத் தத்துப் போன பெண் குதிரை. கல்யாண ஊர்வலங்களில் நடந்து நடந்து முட்டி தேய்ந்து, மலைக்கோட்டைப் பக்கம் தெருவில் விடப்பட்டவள்.

போட்டோ வந்தது. உறுத்தல். செம்பாவுக்கு வெள்ளை இடது பின்னங்காலில், சாக்ஸ் போட்டதுபோல. படத்தில் வலது கால்.

சேவியர்: "செல்ஃபி கேமராவுல எடுத்திருப்பாரு. இடம் வலமா மாறிடும்."

இருக்கலாம். பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் கிடக்கும் உர மூட்டையில் எழுத்து நேராகத்தான் இருக்கிறது.

அதைச் சொன்னதும் சேவியர் எழுந்தார். மாத்திரை வாங்கணும் என்றார். என்ன மாத்திரை?

புதன்

முருகேசனுக்குப் போன். "நல்லா இருக்கு டீச்சர், நல்லா இருக்கு." இரண்டு தடவை. நேரில் வருகிறேன் என்றதும் குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை அந்த அம்மாவோடயே வாங்களேன்."

விற்றுவிட்டாரா? திரும்ப ஊர்வலத்துக்கேவா?

நாளை போகிறேன். சேவியரிடம் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

வியாழன்

துறையூர் வழி பஸ். தோட்டத்தில், கொய்யா மரத்தடியில் வேறு குதிரை. செம்பாவைவிடச் சின்னது, வெள்ளை வலது பின்னங்காலில். வயிற்றுப் பட்டை அறுத்த புண், ஈ மொய்த்தபடி. கையை நீட்டினேன், பின்வாங்கியது.

முருகேசன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "செம்பா போயிருச்சு டீச்சர். வயித்துவலி. டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்தா, வேலியோரம்தான் பொதைச்சோம். அன்னிக்கே சார்கிட்ட போன்ல சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

"இது யாரோடது?"

"அரியமங்கலத்துல ஊர்வலத்துக்குக் குதிரை விடுறாரே, அவரோடது. சார்தான் வாடகைக்குப் பிடிச்சு அனுப்புனாரு. அந்த அம்மா பாத்துட்டுப் போற வரைக்கும் கட்டி வைங்கன்னாரு."

வேலியோரம் போய்ப் பார்த்தேன். மண்ணில் புல் முளைத்திருந்தது.

வீட்டில் சேவியர் மறைக்கவில்லை. "செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா யாரு நிதி கொடுப்பா? மத்த குதிரைங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அவங்களுக்கு எழுதிடுவே."

உண்மை. எழுதியிருப்பேன்.

வெள்ளி

தூறல். நிர்மலா சின்னப் பெண். ஒவ்வொரு குதிரையின் குளம்பையும் தானே தூக்கிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்டு அடியைத் தடவினார். நினைத்தது சரி, இவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"உப்பிலியபுரம் கிளம்பலாமா மேடம்?" என்றார் என்னிடம்.

சொல்லிவிட்டேன். செம்பா இறந்தது, வாடகைக் குதிரை, எல்லாம்.

"யார் ஏற்பாடு?"

"நாங்க."

"நாங்க இல்ல. நான்" என்றார் சேவியர்.

நிர்மலா பேனாவை மூடினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சனி

நல்ல மழை. காலையில் நிர்மலாவின் போன். இந்த வருடம் நிதி இல்லை. அடுத்த வருடம் கேட்கலாமாம், இறந்துபோன குதிரைகளையும் சேர்த்து எழுதி. உண்மையாகவா, ஒப்புக்கா? குரலில் தெரியவில்லை.

சேவியரோடு பேச்சு இல்லை. இருவரும் தனித்தனியாகப் புல்லுக்கட்டு தூக்கினோம்.

மதியம் போனில் முருகேசன்: "குதிரையக் கூட்டிட்டுப் போக ஆள் வந்திருக்காரு டீச்சர். சாயங்காலம் ஊர்வலமாம். இந்தப் புண்ணோட அனுப்ப மனசு வரல. கேட்டைப் பூட்டிட்டு நிக்கிறேன். என்ன பண்ணட்டும்?"

"தொறக்காதீங்க. வரேன்."

கேட்டுக்கொண்டிருந்த சேவியர் வேனை எடுத்தார். மருந்துப் பெட்டியும் வண்டியில். இவரை இன்னும் நம்பவில்லை. ஏறிக்கொண்டேன்.