லண்டன் குடையில் தைத்த ரவிக்கை

இன்று காலை நம் தெருவுக்குக் குடை ரிப்பேர்க்காரன் வந்தான். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். "கொடை ரிப்பேரேய்" என்று அவன் இழுத்த இழுப்பில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று அவன் முறைத்தான். "உன்ன இல்லப்பா, எங்க நாத்தனார நெனச்சிச் சிரிக்கிறேன்" என்றேன். கிழவிக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிக்கொண்டு அடுத்த சந்துக்குள் நுழைந்துவிட்டான். ரிப்பேருக்கு எடுத்து வைத்த குடை அப்படியே கிடக்கிறது. நீ போன பிறகும் இந்த வீட்டுக் குடைகளுக்கு உன்னால் நல்ல காலம் பிறக்கவில்லை, பார்த்தாயா?

உன் முதல் வருஷத் திவசத்துக்கு வரச் சொல்லி உன் பிள்ளை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான். அங்கே வந்து, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நான் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்கு நான் வந்தபோது யுத்தம் முடிந்திருந்தது. துணி கன்ட்ரோல் முடியவில்லை. கார்டை நீட்டிக்கொண்டு வெயிலில் கியூவில் நிற்க வேண்டும். நின்று வாங்கி வருகிற துணியும் சாக்குக்குத் தங்கையாக இருக்கும். ராயபுரமே துணி இல்லை என்று அழுதது. நீ ஒருத்தி மட்டும் அழவில்லை. "துணி எங்க இல்ல? கண்ணத் தொறந்து பாரு அண்ணி" என்று சொல்லிவிட்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பாய். நீ பார்க்கிற பார்வைக்கு ஜன்னல் திரை நடுங்கும்.

உன் அம்மா விட்டுப்போன நீலப் புடவை தலைப்பில் கிழிந்திருந்தது. என் அரக்குப் புடவை உடம்பில் கிழிந்திருந்தது. இரண்டையும் வெட்டி, நல்ல பாதியோடு நல்ல பாதியைச் சேர்த்துத் தைத்துக் கட்டிக்கொண்டு நீ குழாயடிக்குப் போன அன்று, இது ஏதோ புதிதாக இறங்கியிருக்கும் பேஷன் என்று தெருவே நினைத்துவிட்டது. "எந்தக் கடையிலமே எட்த்த?" என்று கேட்டவளிடம், "எங்க அண்ணி பொட்டியில" என்றாய். அவள் அப்படி ஒரு கடை யானைக்கவுனிப் பக்கம் இருக்கும் என்று நினைத்துத் தேடிக்கொண்டு போய்விட்டு வந்து என்னிடம் சண்டைக்கு நின்றாள்.

உன் அண்ணன், பாவம், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர், நாலு பேர் முன்னால் நிற்க வேண்டியவர். கொடியில் வேட்டி காய்ந்ததும் ஓடிப்போய் எடுத்து, மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் கட்டையைச் சாய்ப்பார். உன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

உனக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். போன வழியில் அவர்களுக்கு வாய் அடைத்துக்கொண்டதோ என்னவோ. அப்புறம்தான் அந்தத் திருவொற்றியூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு பட்டறையில் பிட்டர். அப்பா துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அம்மா வாயே திறக்கவில்லை. நீ காப்பியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் வந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

"அண்ணி, அந்தாளு சட்டையப் பாத்தியா? காலரத் திருப்பித் தச்சிகிறான்!"

"அடியே, மூஞ்சியப் பாத்தியா, அதச் சொல்லு."

"மூஞ்சி கெடக்குது. நைஞ்சி போன பக்கத்த உள்ள தள்ளி, நல்ல பக்கத்த வெளிய கொணாந்துகிறான். மிஷின் தையல் இல்ல, கைத்தையல். அவனே தச்சதுதான். கட்னா இவனத்தான் கட்டுவேன். இல்லாட்டி வோணாம்."

கிண்டலுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். உன் கண்ணைப் பார்த்ததும் கிண்டல் இல்லை என்று தெரிந்தது. அவர்களும் பிடித்திருக்கிறது என்று சொல்லி, பாக்கு வெற்றிலை மாற்ற நாள் குறித்துக்கொண்டு போனார்கள். வரும்போது மழை. போகும்போது விட்டிருந்தது. மேஸ்திரி தன் குடையை நம் வீட்டு மூலையில் மறந்துவிட்டுப் போனார். அதை யாரும் கவனிக்கவில்லை.

அதே மூலையில் உன் அண்ணனின் பழைய குடையும் இருந்தது. "அந்த ஓட்டக் கொடைய இன்னா வோணா பண்ணிக்கோ" என்று அவர் எப்போதோ உனக்குத் தானம் பண்ணியிருந்தார். இரண்டும் கறுப்பு. நீ எதைக் கையில் எடுத்தாய் என்று கேட்கவும் வேண்டுமா?

பிரிக்கும்போது நானும்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "இன்னா அண்ணி, அண்ணன் கொடை இவ்ளோ கெட்டியா கீது? ஓட்டையே காணோமே?" என்று நீ ஆச்சரியப்பட்டாய். "உங்க அண்ணன் எதத்தான் ஒழுங்காப் பாத்தார்?" என்று நானும் ஒத்து ஊதினேன். உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து இருந்தது. நமக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அது கொடி சுருண்ட மாதிரி தெரிந்தது. நீ அதன்மேலேயே மஞ்சள் நூலால் இலை இலையாகப் போட்டு, கொடியாகவே ஆக்கிவிட்டாய்.

குடைத்துணியின் எட்டு முக்கோணத்தில் ஆறு ரவிக்கையாயிற்று. சினிமாக்காரிகள் போடுவதுபோல் தோளில் உப்பி நிற்கிற கை. அந்தக் கையை உப்ப வைக்க வேறு துணியில் நாலு மடிப்பு வேண்டும், இது தானாகவே நின்றது. குடையின் வளைந்த பிடிக்கு, கப்பலுக்கு அடித்து மிஞ்சியதென்று உன் அண்ணன் கொண்டுவந்த சாம்பல் பெயிண்டை அடித்து, சட்டை மாட்டச் சுவரில் அறைந்தாய். ஒரு கம்பியில் திரைச்சீலை தொங்கிற்று. இன்னொரு கம்பி எனக்கு அப்பளம் திருப்ப வந்தது. ஒரு குடையை இத்தனை அக்கறையாக யாரும் அடக்கம் பண்ணியிருக்க மாட்டார்கள்.

"நல்ல காரியத்துக்குப் போய்க் கறுப்பாடி?" என்று நான் பதறினேன்.

"சேப்புக் கரை வெச்சி, மூலையில கொஞ்சம் மஞ்சத் தடவிட்டா ஆச்சு. சாமி இன்னா, கொடையான்னு தட்டிப் பாக்கவா போவுது?"

சாமி பார்க்கவில்லை. மேஸ்திரி பார்த்தார்.

குறித்த நாளன்றும் தூறல். ஜட்காவில் வந்து இறங்கினார்கள். மேஸ்திரி கோட்டெல்லாம் நனைந்து வந்தார். உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றி, சுற்றிலும் பார்த்து, நேரே போய்த் தன் குடைப்பிடியிலேயே மாட்டினார். எங்களுக்கு அப்போது அது அவருடையது என்று தெரியாது. "நல்லாகீதே இந்த மாட்டி" என்று ஒரு பாராட்டு வேறு. தட்டு, வெற்றிலை, பழம் எல்லாம் நடுவில் தயாராக இருந்தது. அவர் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"பாக்கு மாத்தறதுக்கு மின்ன ஒரு விசயம். போன தபா வந்தப்போ என் கொடைய இங்க வுட்டுட்டுப் போய்ட்டேன். அத்த மொதல்ல எட்த்தாந்து குடு."

உன் அண்ணன் குஷியாக எழுந்து மூலைக்குப் போய் ஒரு குடையைக் கொண்டுவந்து நீட்டினார். அவருடைய ஓட்டைக் குடை.

"இன்னாப்பா இது? செத்த காக்கா மாதிரி கீது! என்துது லண்டன் கொடைபா. கப்பல்ல வந்த தொரை அவர் கையாலயே குட்த்தது. இத்தினி வருசமா ஒரு ஓட்ட வுழாம வெச்சினுகிறேன்."

அடுப்படி வாசலில் நின்றிருந்தவள் திரும்பி உன்னைப் பார்த்தேன். லண்டன் குடையைப் போட்டுக்கொண்டு, காப்பித் தட்டைக் கையில் பிடித்தபடி நீ கல்லாக நின்றாய். உன் கண்ணில் நீர் முட்டிற்று. சட்டைக் காலரைத் தானே திருப்பித் தைக்கத் தெரிந்த ஆள் திருவொற்றியூரில் இன்னொருத்தன் கிடைப்பானா? எனக்கு உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அதே சமயம் அடக்க முடியாத சிரிப்பும் வந்தது. அந்தப் பாவத்தை என்னவென்று சொல்ல?

மேஸ்திரி தானே தேடக் கிளம்பிவிட்டார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தன் குடைக்கம்பியில் தொங்கிய திரையைத் தன் கையாலேயே விலக்கி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாதான், "நேரமாவுது, பொண்ணக் கூப்பிடுங்க" என்றாள். நீ நடந்து வந்தாய். கை அசைகிறபோதெல்லாம் ரவிக்கை சரக் சரக் என்றது.

"அது இன்னா சத்தம்?" மேஸ்திரி காதைத் தீட்டினார்.

"எலி" என்றார் உன் அண்ணன்.

அந்த நேரம் பார்த்து ஓட்டிலிருந்து ஒரு சொட்டு மழைநீர் உன் தோளில் விழுந்தது. விழுந்தது ஊறவில்லை. முத்தாகத் திரண்டு, உப்பிய கைமேல் உருண்டு, தரையில் போய் விழுந்தது. அடுத்த சொட்டும் அப்படியே. மேஸ்திரியின் கண் அந்தத் தோளைவிட்டு நகரவில்லை. மாப்பிள்ளைக்கு அதற்குள் புரிந்துவிட்டது. தையல்காரன் கண்ணில்லையா?

"நைனா, போன தபா நீ ஜட்காலயே வுட்டுட்டு எறங்கின மாதிரி எனக்கு நாபகம் கீது" என்றான் அவசரமாக.

"அப்டியா?" மேஸ்திரி நெற்றியைச் சுருக்கினார். "இருந்தாலும் இருக்கும்."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. உன் அண்ணன் தட்டைக் கையில் எடுத்தேவிட்டார். நீ வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரிதான். நீயோ காப்பித் தட்டைக் கீழே வைத்தாய்.

"ஜட்கால வுடல மாமா. இங்கதான் வுட்டீங்க. அண்ணன் கொடைன்னு நெனச்சி நான்தான் வெட்டிட்டேன். இதான் உங்க கொடை." கையைத் தூக்கிக் காட்டினாய். "புடி அதோ, உங்க கோட்டு தொங்குதே, அது. கம்பி ஒண்ணு திரையில கீது. இன்னொண்ணு அண்ணி கையில."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். அப்பளக் கம்பியைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கே வந்து நின்றிருக்கிறேன், எண்ணெய் சொட்டச் சொட்ட. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கலாம் நீ!

மேஸ்திரியின் மீசை துடித்தது. "எட்ரா கோட்ட!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். மகன் அசையவில்லை. அவரே எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். பெண் பார்க்க வந்த அன்று வாயே திறக்காத மனுஷி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இத்தினி வருசம் உன் பின்னாலயே நனஞ்சிகினு நடந்தேனே, ஒரு நாளாவது அந்தக் கொடைக்குள்ள வாடின்னு கூப்ட்டியா நீ? தோ பாரு, ஒரு பொண்ணு முழுசா உள்ள பூந்துகினா!" என்றாள். பிறகு உன் பக்கம் திரும்பி, "மீதி துணி கீதா?" என்று கேட்டாள்.

"ரெண்டு முக்கோணம் கீது அத்தே."

"எனக்கும் அந்தக் கைய மட்டுமாவது வெச்சிக் குடு."

மேஸ்திரி கோபமாக வாசல்வரை போனார். வெளியே மழை பேய் மாதிரி பிடித்துக்கொண்டது. போக வேண்டுமென்றால் குடை வேண்டும். குடை கூடத்து நடுவில் காப்பித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. என்ன செய்வார், திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்பளத்தை நொறுக்கித் தின்றார். கடைசியில் உன் முதுகில் இருந்த மஞ்சள் கொடியைப் பார்த்தபடி, "அந்தக் கொடியில என் பேரு எழுத்து இன்னும் கீதா?" என்று கேட்டார்.

"இலைக்குக் கீழ பத்திரமா கீது மாமா."

"அப்ப செரி" என்று வெற்றிலையைக் கையில் எடுத்தார்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன். உன்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஏண்டி, அந்தப் பையனே உனக்காகப் பொய் சொன்னான். அந்தாளும் நம்பிட்டார். அப்படியே வுட்டிருக்கலாம் இல்ல? அவர் கோட்ட மாட்டிகினு போயிருந்தா இன்னாடி பண்ணியிருப்ப?" என்று கத்தினேன். நீ ரவிக்கையின் கையைத் தடவிக்கொண்டே சொன்னாய்.

"அழுதிருப்பேன். ஆனா பொய்யில போய் வாழ்ந்தா ஆயுசுக்கும் இந்த ரவிக்கைய ஒளிச்சி வெச்சிகினே இருக்கணும் அண்ணி. எவ்ளோ நல்லா தச்சிகிறேன், பாரு."

அடியே, நான் அந்த நாள்வரை என் புடவையின் ஒட்டுகளையெல்லாம் கொசுவத்துக்குள் திணித்து, காற்றடித்தால் தெரிந்துவிடுமோ என்று பயந்து பயந்து நடந்தவள். கல்யாணம் முடிந்து உன்னை ஜட்காவில் ஏற்றித் திருவொற்றியூருக்கு அனுப்பிவிட்டு, வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரு மூச்சு அழுது தீர்த்தேன். மறுநாள் காலை குளித்துவிட்டு, புடவையைத் திருப்பிக் கட்டினேன். ஒட்டு முன்னால் வந்து நின்றது. அப்படியே குழாயடிக்குப் போனேன்.

இன்றும் அப்படித்தான் கட்டுகிறேன். "அத்தே, கிழிசல் வெளிய தெரியுது" என்கிறாள் மருமகள். "தெரியட்டும்டி, எப்படித் தச்சிருக்கேன் பாரு" என்கிறேன்.